என்ன ஒத்தடம்?

இங்கன உக்காருங்க தம்பி, எடம் கெடக்கு. காலத் தாண்டிராதிய, சுத்திக்கிட்டு அந்தப் பக்கமா வாங்க. மடக்கி வழி விடலாம்னு ஆசதான். மடங்குனா நான் எதுக்கு இந்த பெஞ்சியில ஒலக்கைய நீட்டிப் போட்ட மாதிரி போட்டுக்கிட்டு இருக்கேன்.

யாருக்கு ஆப்பரேசன்? அம்மைக்கா. நாளைக்கா. எந்த முட்டி? ரெண்டுமா. சரி சரி, முகத்தத் தொங்கப் போடாதிய, பயங்காட்டல. ஆப்பரேசன் ஒண்ணுமே இல்ல. முதுகுல ஒரு ஊசி போடுவாவ. அதுக்குப் பொறவு இடுப்புக்குக் கீழ நடக்கதெல்லாம் அடுத்த வீட்டு சங்கதி மாதிரிதான். டொக்கு டொக்குன்னு ஆசாரி வேல பாக்க சத்தம் கேக்கும். நான் திரைக்கு இந்தப் பக்கம் படுத்துக்கிட்டே, 'அய்யா, நிலையா சன்னலா'ன்னு கேட்டேன். உள்ள நின்ன அம்புட்டுப் பேரும் சிரிச்சிட்டாவ. டாக்டர் மட்டும், 'பேசாம படுங்கம்மா, கை ஆடுது'ன்னாரு.

அதுக்குப் பொறவுதான் இருக்கு.

எனக்கு இன்னையோட நாப்பது நாளு. காலையில அளந்து பாத்தாவ. டாக்டரு சொன்னத அவரு கொரல்லயே சொல்லுதேன் கேளுங்க. வாயில ஒரு பாக்க ஒதுக்கிக்கிட்டுப் பேசுத மாதிரிப் பேசுவாரு. 'சொர்ணம்மா. தொண்ணூறு டிகிரி மடங்கணும். உங்களுக்கு எழுபதுல நிக்குது. திங்கக்கெழம வரைக்கும் பாப்பேன். மடங்கலன்னா மயக்கம் குடுத்து நான் மடக்குவேன்.' பாத்தியளா, சீட்டு எழுதுத பிள்ள எந்திரிச்சிட்டு. டாக்டரு வந்துட்டாருன்னு நெனச்சிட்டு. உக்காரு தாயி, நான்தான்.

சிரிக்கிய. எல்லாரும் சிரிக்கத்தான் செய்தாவ.

மயக்கம் குடுத்து மடக்குததுன்னா என்னன்னு தெரியுமா? பயிற்சி குடுக்க பையன் ஒருத்தன் உள்ள இருக்கான், அவன்ட்ட கேட்டேன். 'உள்ள எல்லாம் ஒட்டிக்கிட்டு இருக்கும் பெரியம்மா, அத ஒரே மடக்கா மடக்கிப் பிரிச்சி விட்டுருவாங்க'ன்னான். சொன்னதோட விட்டானா? முருங்கக் கம்ப ஒடிக்க மாதிரி ரெண்டு கையால சாட வேற காட்டுனான். அப்பப் போன பசி இன்னும் வரல. பிரிச்சா மறுபடி வீங்கும். மறுபடி வலி. இந்த நாப்பது நாளையும் மொதல்லருந்து மறுபடி. என்னால முடியாது தம்பி. நெசமாச் சொல்லுதேன், முடியாது. இன்னைக்கு செவ்வா. கையில இருக்கது ஆறு நாளு. ஆறு நாளைக்குள்ள இருபது டிகிரி.

இதுக்கெல்லாம் காரணம் யாருன்னு கேளுங்க. எங்க மதினி. எங்க வீட்டுக்காரருக்கு அக்கா, ஆவுடைன்னு பேரு. அவ செஞ்ச வேலதான் இது. கேளுங்க, கேட்டுட்டு நீங்களே ஞாயம் சொல்லுங்க. எங்க வீட்டுக்காரரு மருந்துக் கடையில நிக்காரு. அவரு இப்போ வரமாட்டாரு. மாத்திர வாங்கப் போனா அட்டையில இருக்க எழுத்தையெல்லாம் படிச்சிட்டுத்தான் வருவாரு.

எங்களுக்கு முக்கூடல் பக்கம். பீடி சுத்துத குடும்பம். பதினொரு வயசுல பீடித்தட்ட மடியில வச்சேன், அம்பத்தொம்பது வயசுல எறக்கி வச்சேன். தரையில காலக் கோணலாப் போட்டு உக்காந்து உக்காந்து முட்டி தேஞ்சி போச்சி. படிப்பு மூணாங்கிளாசு. அதையே ரெண்டு வருசம் படிச்சேன். வாத்தியார மாதிரியே பேசிக் காட்டுனேனா, அவருக்கு என்ன அனுப்ப மனசில்ல. ஏழெட்டுப் பொம்பளைய ஒரே வீட்ல உக்காந்து சுத்துவோம். நான் வராத அன்னைக்குத்தான் அங்க ரேடியோ பாடும். பீடியக் கழிச்சிப் போடுத செக்கரு, ஓட்டு கேட்டு வாரவன், சீட்டுப் பிடிக்கவ, எல்லாரும் என் வாயிக்குள்ள இருந்தாவ.

அதுல பெரிய கிராக்கி எதுக்குன்னா, எங்க மதினிக்குத்தான். அவளுக்கு ஒரு காலு கொஞ்சம் குட்ட. சின்னப் பிள்ளையில வந்த காச்சல்ல சூம்பிப் போச்சி. நடந்தா ஒரு பக்கம் அமுங்கி ஒரு பக்கம் எந்திரிக்கும், தண்ணிக் கொடத்த ஒத்த இடுப்புல வச்சிக்கிட்டே போற மாதிரி. கொரலும் அப்படித்தான், கம்மிப் போயி இருக்கும். எத சொன்னாலும் முன்னால ஒரு முன்னுர போடுவா. 'நான் ஒண்ணு கேக்கட்டாளா?' அதுதான். 'நான் ஒண்ணு கேக்கட்டாளா, கொழம்புல உப்பு போட்டியா?' எங்க சொந்தத்துல கல்யாண வீட்ல பந்தி முடிஞ்சிட்டுன்னா, 'சொர்ணம் எங்க, ஆவுட நடைய ஒரு தடவ நடந்து காட்டச் சொல்லு'ம்பாவ. நான் நடப்பேன். சனம் வயித்தப் பிடிச்சிக்கிட்டுச் சிரிக்கும். அவளும் அங்கனதான் இருப்பா. முந்தானைய வாயில வச்சிக்கிட்டு அவளும் சிரிப்பா. பிடிக்காட்டா சிரிப்பாளா? அவ மக கல்யாணத்துலகூட சம்பந்தகாரவ கேட்டாவன்னு நடந்து காட்டுனேன். அன்னைக்கு மட்டும் பாதியில எந்திரிச்சி அடுப்படிக்குப் போயிட்டா. வேல இருந்திருக்கும்.

ஆப்பரேசன்னு கேள்விப்பட்டதும் ஒரு பைய தூக்கிக்கிட்டு வந்துட்டா. நான் கூப்பிடல. எனக்கு ஒரே மகன், திருப்பூர்ல இருக்கான். மருமக மாசமா இருக்கா, அலைய முடியாது. எங்க வீட்டுக்காரரு ரத்தத்தப் பாத்தா அவருக்கே ஒரு கட்டிலு போடணும். அப்போ யாரு இருக்கா? அவதான். ஆஸ்பத்திரியில என் கட்டிலுக்குக் கீழ பாய விரிச்சிப் படுத்துக் கெடந்தா. அவ எந்திரிச்சி உக்காரவே அஞ்சி நிமிசம் ஆகும். என்ன எந்திரிக்க வைக்கணும்னு வந்தவ.

சரி, வீட்டுக்கு அனுப்புத அன்னைக்கு ஒரு சிஸ்டர் வந்தா. எது எப்படிச் செய்யணும்னு சொல்லிக் குடுக்கதுக்கு. அவளுக்கு அன்னைக்குன்னு பாத்து சளி. மூக்கு அடைச்சி, 'மா'ன்னா 'பா'ன்னு வருது, 'நா'ன்னா 'தா'ன்னு வருது. 'அப்பா, பாத்திர பூணு வேளையும் போடணும். காலு தெஞ்சுக்கு பேல இருக்கணும்.' எனக்கு வாயி சும்மா இருக்குமா? அவ ஒண்ணு சொல்ல, நான் ஒண்ணு சொல்ல. அவ 'பாத்திர'ன்னா, நான் 'கழுவி வச்ச பாத்திரயா, கழுவாத பாத்திரயா'ங்கேன். வார்டுல இருந்த பத்துக் கட்டிலும் குலுங்குது. தையல் போட்டவ ஒருத்தி, 'எக்கா நிறுத்துக்கா, பிரிஞ்சிரும்'ங்கா. அந்த சிஸ்டரே மூக்கச் சிந்திக்கிட்டுச் சிரிக்கா. சொல்ல வேண்டியத சொல்லிக்கிட்டும் இருந்தா, பாவம். ஒத்தடம் குடுக்கணும், ஒத்தடம் முக்கியம்னு என்னமோ சொன்னா. அப்போ எங்க மதினி இருக்காளே, எல்லாரும் சிரிக்கும்போது இவ மட்டும் தலைய நீட்டி, 'நான் ஒண்ணு கேக்கட்டா சிஸ்டர், என்ன ஒத்தடம்?'ன்னு கேட்டா. விடுவேனா? ரெண்டு கொரலையும் ஒண்ணாச் சேத்து, 'தான் ஒண்ணு கேக்கட்டா சிஸ்டர், என்த ஒத்தடப்?'ன்னு விட்டேன் பாருங்க. அம்புட்டுதான். அந்த சிரிப்பு வாசல் வரைக்கும் கேட்டுருக்கும். சிஸ்டர் அதுக்கு என்னமோ பதில் சொன்னா. யாரு காதுல விழுந்துச்சு?

ஆனா வீட்டுக்கு வந்து அவ செஞ்சத பாருங்க. வரப்புல போயி நொச்சி எல பறிச்சிட்டு வந்தா. கல்லுப்ப வறுத்து, எலையோட சேத்துத் துணியில முடிஞ்சி, தோசக்கல்லுல காய வச்சி, தையல்ல படாம முட்டியச் சுத்தி ஒத்தி ஒத்தி எடுத்தா. காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணு. ஒத்தும்போது சொகமாத்தான் இருந்துச்சு, இல்லன்னு சொல்லல. எடுத்த பொறவு உள்ள யாரோ கதவ இடிக்க மாதிரி விண்ணு விண்ணுன்னு தெறிக்கும். மூணாம் நாளு முட்டி எது, தொட எதுன்னு தெரியல. தோலு கத்திரிக்கா மாதிரி மினுமினுன்னு ஆயிட்டு. கரண்டக்கால்ல வெரல வச்சி அமுக்குனா குழி விழும். எங்க வீட்டுக்காரரு அமுக்கி விட்டுட்டு உக்காந்து வெத்தல போடுவாரு. அவரு வெத்தல மென்னு துப்பிட்டு வந்து பாத்தாலும் அந்தக் குழி அங்கனயேதான் கெடக்கும்.

வலின்னா என்ன வலிங்கிய. வலி மாத்திரைய வலி வாரதுக்கு முன்னாலயே போடணுமாம், அது இப்போ தெரியுது. அப்போ பக்கத்து வீட்டுக்காரி வந்து, 'கண்ட மாத்திரையும் போட்டா கிட்னி போயிரும்'னா. நான் ஒரு நேரம் போட்டு ஒரு நேரம் விட்டேன். மதினி மாத்திரையையும் தண்ணியையும் கையில வச்சிக்கிட்டு நிப்பா. நான் அவ நிக்க மாதிரியே சாஞ்சி உக்காந்து காட்டுவேன். அப்படியே வச்சிட்டுப் போயிருவா.

பீடி சுத்துதவளுவ என்னப் பாக்க வந்தாளுவ. ஏழு பேரும் கட்டிலச் சுத்தி உக்காந்துட்டாளுவ. டாக்டரு கொரலு, சிஸ்டர் கொரலு, ஆசாரி சத்தம், எல்லாம் செஞ்சி காட்டுனேன். 'வலிச்சா எப்படி இருக்கும்ளா'ன்னு ஒருத்தி கேட்டா. 'ஆத்தாடி அய்யோ அம்மா'ன்னு மொனங்கிக் காட்டுனேன். சிரிச்சாளுவ. அந்த நேரம் பாத்து, குதிங்கால நகத்துனேனா என்னமோ, உள்ள ஒரு வலி பிடிச்சிச்சி பாருங்க தம்பி. கத்திய விட்டுத் திருகுன மாதிரி. நெசமாவே மொனங்குதேன். கண்ணுல தண்ணி ஊத்துது. அவளுவ என்ன செஞ்சாளுவ தெரியுமா? கை தட்டுனாளுவ. 'இது இன்னும் நல்லா இருக்கு சொர்ணம்'ங்காளுவ. 'ஏ, நெசமாளா, நெசமா வலிக்கிளா'ங்கேன். அதுக்கும் ஒரு சிரிப்பு. நான் என்னத்தச் செய்ய?

அவளுவ இருக்கும்போதே மதினி நடக்கிற வண்டியக் கொண்டுவந்து முன்னால வச்சா. நாலு காலுள்ள கம்பி. ஒரு கைய அவ தோள்ல போட்டு எந்திரிச்சி, நாலு எட்டு வச்சேன். வீங்குன காலு ஊனுமா? ஒரு பக்கம் அமுங்கி, ஒரு பக்கம் எந்திரிச்சி. ஏழு பேரும் என் காலயே பாத்தாளுவ. பொறவு ஒருத்தி, 'ஆவுட மதினிய பக்கத்துல வச்சிக்கிட்டே நடக்கா பாரு'ன்னா. விழுந்து விழுந்து சிரிச்சாளுவ. 'நடிக்கலளா'ங்கேன். நான் சொல்லச் சொல்ல சிரிப்பு கூடுது. எப்பவும் முந்தானைய வாயில வச்சிக்கிட்டுச் சிரிப்பாளே, அன்னைக்கு மதினி சிரிக்கல. என் இடுப்ப இறுக்கிப் பிடிச்சிக்கிட்டு, அடுத்த எட்டு எங்க வைக்கணும்னு தரையவே பாத்துக்கிட்டு நின்னா. எம்புட்டுத் திமிரு பாருங்க.

இன்னொண்ணு சொல்ல விட்டுட்டேன். மடக்குத பயிற்சி. கட்டில் ஓரத்துல உக்கார வச்சி காலத் தொங்கப் போட்டு, கணுக்காலப் பிடிச்சி பின்னால தள்ளணும். தள்ளி, அப்படியே வச்சிருக்கணும். மதினி அந்தக் குட்டக் கால நீட்டிக்கிட்டு தரையில உக்காந்து தள்ளுவா. எங்களுக்கு ஒரு கட்டுன்னா இருபத்தஞ்சி பீடி. அவளுக்கு அதுதான் கணக்கு. ஒரு கையால என் காலத் தள்ளிக்கிட்டு, மறு கையில பீடி எண்ணுத மாதிரி வெரல வெரல ஓட்டுவா. 'கட்டு முடியட்டும்ளா'ம்பா. நான் கத்துவேன். என் கொரல்ல கத்துனா விடமாட்டாளேன்னு டாக்டரு கொரல்ல, 'போதும்மா, விட்டுருங்க'ன்னேன். செக்கரு கொரல்ல, 'கட்டுல ரெண்டு கொறையுது, கழிச்சிப் போடு'ன்னேன். செத்துப் போன எங்க மாமியா கொரல்லகூட, 'ஏ ஆவுட, விடு அவள'ன்னு சொல்லிப் பாத்தேன். தலைய நிமித்தமாட்டா. இருபத்தஞ்சி முடிஞ்சாத்தான் கைய எடுப்பா. ஒரு நாளைக்கு ஆறு கட்டு. அந்த வீக்கத்தோடயே பன்னெண்டு நாளைல அறுபத்தஞ்சு மடங்கிச்சி. அது பாட்டுக்கு மடங்கிருக்கும்.

பன்னெண்டாம் நாளு தையல் பிரிக்க இங்கதான் வந்தோம். டாக்டரு தொட்டுப் பாத்துட்டு கைய எடுத்துட்டாரு. 'என்ன இப்படிக் கொதிக்குது? சூடு வச்சது யாரு?' அந்த சளி சிஸ்டரு அங்கன நின்னா. 'சார், நான் ஐஸ் ஒத்தடம்னு ரெண்டு தடவ சொன்னேன் சார். இந்த அம்மாதான் அன்னைக்கு என்னப் பேசவே விடல'ங்கா. பழிய எங்க கொண்டு போடுதா பாருங்க. ஐஸ வச்சா அது ஒத்தடமா தம்பி? உங்க ஊர்ல ஒத்தடம்னா என்ன? சூடுதான? பொறந்ததுலருந்து ஒத்தடம்னா சூடு. ஆனாலும் மதினி பெரிய மனுசி, எழுபது வயசு நெருங்குது, அவளுக்குத் தெரிய வேண்டாமா?

அப்போ டாக்டரு மறுபடி, 'யாரும்மா வச்சது?'ன்னாரு. நான் கைய நீட்டுனேன். நீட்டுனதோட விட்டேனா? அவ கொரல்லயே, 'நான் ஒண்ணு கேக்கட்டாளா, முப்பது வருசப் பகைய உப்போட முடிஞ்சி ஒத்துனா எறங்கும்ங்கியா?'ன்னு கேட்டேன். வரிசையில நின்ன சனமெல்லாம் சிரிச்சிட்டு. மதினி சிஸ்டரப் பாத்தா. என்னப் பாத்தா. 'அன்னைக்கே நான் கேட்டேன்ளா'ன்னா. அவ்வளவுதான் பேசுனது. மாத்திரப் பைய என் மடியில வச்சிட்டு இந்த வராண்டா வழியா நடந்து போனா. நீள வராண்டா, பாருங்க, அந்தக் கடைசி வரைக்கும் ஆளு தெரியும். அமுங்கி எந்திரிச்சி, அமுங்கி எந்திரிச்சிப் போறா. என் வாயி அதுக்கு டக்கு, டக்குன்னு தாளம் போடுது. நான் போடல தம்பி. அது போடுது. ரெண்டு உதட்டையும் கையால பொத்துனேன், அப்பவும் உள்ள போடுது.

அன்னைக்கு ஊருக்குப் போனவதான்.

அதுக்குப் பொறவு எங்க வீட்டுக்காரரு பாத்துக்கிட்ட கதையச் சொன்னா ஒங்களுக்கு அழுகையா சிரிப்பான்னு தெரியாது. ஐஸ் வைக்கணும்னு சொன்னாவல்லா. எங்க வீட்ல ஐஸ் பொட்டி கெடையாது. பிள்ளைய உறிஞ்சிக் குடிக்குமே டியூப்பு ஐஸு, ஆரஞ்சு கலர்ல, அத ஆறு வாங்கிட்டு வந்து முட்டியச் சுத்தி அடுக்குனாரு, கோயிலுக்குத் தோரணம் கட்டுன மாதிரி. துணி சுத்தி வைக்கணும், இருபது நிமிசத்துல எடுக்கணும்னு அவருக்கு யாரு சொன்னா? வச்சிட்டு டீக்கடைக்குப் போயிட்டாரு. ஒண்ணு ஓட்ட போல. மத்தியானம் பாத்தா எறும்பு. கட்டில் கால் வழியா ஏறி என் கால் வழியா போகுது. குனிஞ்சி தட்டவும் முடியல, எந்திரிக்கவும் முடியல. கூப்பிட்டேன். 'எறும்பு, எறும்பு'ன்னு கத்துதேன். பக்கத்து வீட்டுக்காரி சுவத்துக்கு அந்தப் பக்கம் இருந்து, 'இது யாரு கொரலுக்கா, புதுசா இருக்கு'ங்கா.

அது கெடக்கட்டும். தலகாணிதான் என்னக் கெடுத்துட்டு. முட்டிக்கு அடியில தலகாணிய வச்சா எம்புட்டு சொகம் தெரியுமா? அவரு ரெண்டு வச்சாரு. நானும் கெடந்தேன். இங்க வந்தா அந்தப் பயிற்சிப் பையன் தலையில அடிச்சிக்கிடுதான். 'குதிங்காலுக்கு அடியில வைக்கணும் பெரியம்மா, முட்டிக்கு அடியில வச்சா நீட்டவும் வராது, மடக்கவும் வராது'ன்னு. மதினி இருந்த வரைக்கும் முட்டிக்கு அடியில இருந்து உருவி உருவி எடுப்பா. நான் திட்டுவேன். அம்மைக்கு இத சொல்லிருங்க தம்பி. சொகமா இருந்தா அது தப்பு. அப்படித்தான் வச்சிக்கிடணும்.

மடக்கதுக்கு இவரு உக்காருவாரு. கணுக்கால கோழிக்குஞ்சப் பிடிக்க மாதிரிப் பிடிப்பாரு. ஒண்ணு, ரெண்டு, மூணு. நான் 'ஆ'ன்னா கையத் தூக்கிருவாரு. நான் நடிக்கேனா நெசமான்னு அவருக்குத் தெரியாது. முப்பத்தெட்டு வருசம் குடும்பம் நடத்திருக்காரு, தெரியாது. கத்தாம இருக்கலாம்னா என்னால இருக்க முடியல. இருபத்தெட்டு நாளைல அஞ்சே டிகிரி. அறுபத்தஞ்சு எழுபதாச்சி. இன்னைக்குப் பையன் நோட்டப் பாத்துட்டு கேக்கான், 'மொத பன்னெண்டு நாளு யாரு பெரியம்மா மடக்குனது? அவங்களையே கூப்பிடுங்க. நான் வாரத்துக்கு ரெண்டு நாளு செஞ்சி பிரயோசனமில்ல. வீட்ல ஒரு நாளைக்கு ஆறு தடவ விடாமப் பிடிக்க ஆளு வேணும். இல்லன்னா திங்கக்கெழம ஆப்பரேசன் தேட்டர்தான்'ங்கான்.

கூப்பிடாம இருந்தேன்னா நெனைக்கிய? போன வாரமே இவர அனுப்பி வச்சேன். அவ என்ன சொல்லி விட்டுருக்கா தெரியுமா? 'அவ சொந்தக் கொரல்ல ஒரு தடவ கூப்பிடட்டும். வாரேன்.' சொந்தக் கொரலாம். நான் என்ன கொரல வாடகைக்கா எடுத்துட்டு வந்து பேசுதேன்? சரின்னு போன் போட்டேன். மனசுக்குள்ள எல்லாம் சொல்லிப் பாத்துக்கிட்டேன். 'மதினி, சொர்ணம் பேசுதேன், வலிக்கி, வாங்க.' அஞ்சே வார்த்த. அவ எடுத்தா. எடுத்ததும், 'யாருளா?'ன்னா, அந்தக் கம்முன கொரல்ல. நான் வாயத் தொறக்கேன், 'யாருளா?'ன்னு அதே கொரலு என் வாயிலருந்து வருது. சத்தியமா நான் நெனைக்கல தம்பி. தும்மல் வருதுல்லா, அப்படி. அவ போன வச்சிட்டா. மறுநாளும் போட்டேன். அன்னைக்கு அவ பேசவே இல்ல, நான் பேசட்டும்னு நிக்கா. நான், 'நான் ஒண்ணு கேக்கட்டா'ன்னு ஆரம்பிச்சிட்டேன். கேக்கத்தான் வந்தேன். ஆனா அது அவ சொல்லுத மாதிரில்லா வந்துட்டு. வச்சிட்டா. அதுக்குப் பொறவு என் நம்பரப் பாத்தா எடுக்கதில்ல. இவரு போட்டா, 'அவ பக்கத்துல இருக்காளா'ன்னு கேட்டுட்டு வச்சிருதா.

முட்டியில தொட்டுப் பாருங்க. பரவாயில்ல, தொடுங்க. கல்லு மாதிரி இருக்கா? இது என் காலுன்னு எனக்கே தோணல. என் வாயும் என் பேச்சக் கேக்க மாட்டேங்கு, காலும் கேக்க மாட்டேங்கு. ஆறு நாளு.

தம்பி, ஒரு உதவி செய்வியளா? இப்போ உங்களப் பாத்ததும் தோணுச்சு. உங்க போன்லருந்து போடுங்க. புது நம்பர்னா எடுப்பா. நீங்க பேசுங்க. நான் வாயத் தொறக்கல, இந்தா, முந்தானைய வாயில வச்சிக்கிட்டேன். 'ஆஸ்பத்திரிலருந்து பேசுதேன், சொர்ணத்துக்கு நெசமாவே வலிக்கி, ஆறு நாளுதான் இருக்கு, வாங்க.' அம்புட்டுதான் சொல்லணும். உங்க சாதாரணக் கொரல்ல சொன்னாப் போதும். நம்பர் சொல்லுதேன், போடுங்க.

போகுதா?

எடுத்துட்டாளா? பேசுங்க, பேசுங்க.

ம். நல்லாத்தான் சொன்னிய. நான் இருந்தாலும் இப்படிச் சொல்லிருக்க மாட்டேன். என்ன சொன்னா? ஏன் போனையே பாத்துக்கிட்டு இருக்கிய? வச்சிட்டாளா? அதுக்குள்ளயா? என்ன சொன்னா, சொல்லுங்க தம்பி. எதுக்கு முழிக்கிய.

'ஆம்பளக் கொரலு நல்லாத்தான் வருதுளா உனக்கு'ன்னாளா.

அப்படியா சொன்னா.

சிரிங்க, பரவாயில்ல. அடக்காதிய. நான் கேட்டாலும் சிரிச்சிருப்பேன். அவ மேல தப்பில்ல. பஞ்சாயத்து ஆபீஸ் கிளார்க்கு மாதிரி போன்ல பேசி ரெண்டு தடவ அவளை வெயில்ல ஆபீஸுக்கு நடக்க வச்சிருக்கேன். அந்தக் கால வச்சிக்கிட்டு. போயிட்டு வந்து, யாரும் கூப்பிடலயாம்ளான்னு என்கிட்டயே சொன்னா. நான் அதையும் ஊருக்கே செஞ்சி காட்டுனேன். இனி டாக்டரே பேசுனாலும் நான்னுதான் நெனைப்பா. கலெக்டர் பேசுனாலும் நான்தான்.

இப்போ நான் யார வச்சி அவளுக்குச் சொல்ல?

இருங்க. போன உள்ள வைக்காதிய. இன்னொரு தடவ போடுங்க. போட்டு என் கையில குடுங்க. இல்ல, பேசல. ஒண்ணுமே பேசல. பேசுனாத்தான யாரு கொரலுன்னு வரும். அவ எடுத்தான்னா காதுல வச்சிக்கிட்டு அப்படியே இருக்கப் போறேன். அவ யாருளான்னு கேட்டாலும் சரி, திட்டுனாலும் சரி. எம்புட்டு நேரம் இருக்காளோ இருக்கட்டும், எம்புட்டு நேரம் என்னால முடியுதோ பாப்போம். நீங்களும் பேசாதிய தம்பி. இருமல் வந்தாலும் அடக்கிக்கிடுங்க.

குடுங்க.

ரிங் போகுது.